மாப்பிள்ளை வீட்டு நாய்க்கும் மாப்பிள்ளை மரியாதையா?

தோப்புக்காரி (பொள்ளாச்சி)

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நாய் என்றாலே முகம் சுளிக்கிற வீடு இல்லை எங்களுடையது. ஆனைமலை போகிற வழியில் தென்னந்தோப்புக்கு நடுவே வீடு. மணி என்று கோம்பைக் கலப்பில் ஒரு நாய் இருக்கிறது. பகலில் மாட்டுக்கொட்டகைப் பக்கம் சங்கிலியில் கிடக்கும். இரவில் அவிழ்த்துவிட்டால் விடியும்வரை தோப்பைச் சுற்றி வரும். தேங்காய் திருட வருகிறவனும் சரி, காட்டுப்பன்றியும் சரி, அதற்குப் பயந்துதான் எங்கள் வேலியைத் தாண்டுவதில்லை. வேளாவேளைக்கு அதற்குச் சோறு வைப்பது நான்தான். ஆனால் இத்தனை வருடத்தில் மணி ஒரு நாளும் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. மழை கொட்டினாலும் திண்ணையோடு சரி.

என் கணவரின் தங்கை பெங்களூரில் இருக்கிறாள். அவள், அவள் கணவர், ஒன்பதாவது படிக்கிற மகள், ப்ரூனோ என்கிற லேப்ரடார். வெளிர் மஞ்சள் நிறம், முப்பது கிலோவுக்குக் குறையாது. குணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. திருடன் வந்தாலும் வாலாட்டி வரவேற்று, முடிந்தால் அவன் கையையும் நக்கிக் கொடுக்கும். போன பொங்கலுக்கு அதையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். நாயும் வருகிறது என்பது, கார்க் கதவைத் திறந்ததும் அது என் கோலத்தின் மேல் குதித்தபோதுதான் எங்களுக்குத் தெரியும்.

வீட்டில் ஏசி இருப்பது ஒரே அறையில், எங்கள் படுக்கையறையில். ப்ரூனோவுக்கு வெக்கை தாங்காது என்று அந்த அறை அவர்களுக்குப் போயிற்று. தை மாதத்தில் என்ன வெக்கை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நானும் கணவரும் கூடத்தில் பாய் விரித்தோம். கட்டிலில் கிடந்தது என் அம்மா வீட்டில் தைத்துக் கொடுத்த இலவம்பஞ்சு மெத்தை. நடுவில் நாய், இரண்டு ஓரத்திலும் இவர்கள். ஊர் திரும்பிய பிறகு மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டத் தட்ட முடி. லேப்ரடார் முடி குட்டையாக, விறைப்பாக இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். துணி இழைக்குள் குத்திக்கொண்டு நிற்கிறது. துடைப்பத்துக்கும் வராது, ஈரத்துணிக்கும் வராது. நகத்தால் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். மாசிப் பட்டம் முடிந்த பிறகும் தலையணை உறையில் ஒன்றிரண்டு கிடைத்துக்கொண்டிருந்தது.

மாமனாருக்கு 78 வயது, கைத்தடி வைத்து நடக்கிறார். ப்ரூனோ அன்பு காட்டுகிற முறை, முன்னங்கால் இரண்டையும் தூக்கி எதிரே நிற்பவரின் மார்பில் வைப்பது. நிலையைப் பிடித்துக்கொண்டதால் கீழே விழாமல் தப்பித்தார். "அவன் விளையாடுகிறான் அப்பா" என்றாள் மகள். அப்பாவும் சிரித்தார். மகள் அல்லவா.

பிறகு கோழி. புறக்கடையில் ஒரு நாட்டுக்கோழி அடை படுத்திருந்தது. ப்ரூனோ நேரே போய்க் கூடைக்குள் வாயை விட்டு அதைக் கவ்விக்கொண்டு, நடு வீட்டைக் கடந்து வந்து, மாமியார் காலடியில் பத்திரமாக வைத்தது. கோழிக்கு ஓர் இறகுகூடச் சேதமில்லை, அதைச் சொல்லியே ஆக வேண்டும். எல்லோரும் கைகொட்டிச் சிரித்தார்கள். அதன் பிறகு அந்தக் கோழி அடைக்குப் போகவே இல்லை. அத்தனை முட்டையும் கூழ்முட்டை. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

மணியின் பாடு இன்னும் மோசம். தன் எல்லைக்குள் இன்னொரு நாய் நடமாடுவதைப் பார்த்துச் சங்கிலியை அறுத்துக்கொள்கிற அளவுக்குக் குரைத்தது, சோறும் எடுக்கவில்லை. இரண்டும் கடித்துக்கொள்ளும் என்று பயந்து, அவர்கள் இருந்தவரை இரவிலும் மணியை அவிழ்க்கவில்லை. புதிதாக வைத்திருந்த தென்னங்கன்றுகளை வரிசையாகப் பன்றி கிளப்பிப் போட்டுவிட்டுப் போயிருந்தது.

என் மாமியாரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சமையலறைக்குள் வந்து என் காதோரம், "என்ன கண்றாவி இது, நடு வீட்டில் நாய்" என்பார். கூடத்துக்குப் போனதும், "மாப்பிள்ளை, அதற்குப் பால் சோறு பிசைந்து தரச் சொல்லட்டுமா?" என்பார். பிசைய வேண்டியவள் யார் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். பொங்கலன்று எங்கள் வீட்டில் அசைவம் கிடையாது. அன்றைக்கும் புறக்கடை அடுப்பில் உப்பும் மஞ்சளும் இல்லாமல் கோழி வேக வைத்து, எலும்பு பிரித்து, ஆற வைத்துக் கொடுத்தேன். மாப்பிள்ளை வீட்டுக்காரர் மனம் கோணக் கூடாதாம். சரி, மாப்பிள்ளைக்கு மரியாதை செய்கிறோம். அவர் வீட்டு நாய்க்கும் அதே மரியாதை என்று எந்தச் சீர்வரிசைப் பட்டியலில் எழுதியிருக்கிறது?

இப்போது தீபாவளிக்கு வருகிறார்கள். பத்து நாள். "பெங்களூரில் வெடிச் சத்தத்துக்கு ப்ரூனோ நடுங்கிப்போகிறான் அண்ணி, நம் தோப்பில் சத்தமே இருக்காது" என்று போனில் சொன்னாள். வரட்டுமா என்று கேட்கவில்லை, வருகிறோம் என்றாள். பலகாரம் சுடுகிற வீடு. முறுக்கு மாவு பிசைகிற கையில் முடி ஒட்டினால் நான் என்ன செய்வேன்?

வரவே வேண்டாம் என்று சொல்ல நினைக்கவில்லை. நாய் உள்ளே வேண்டாம், என் கட்டிலில் வேண்டாம், அதற்கான வேலை என் தலையில் வேண்டாம், இவ்வளவுதான். மருமகளான நான் இதைச் சொல்லலாமா, எப்படிச் சொல்வது? கணவரிடம் கேட்டால், "பத்து நாள்தானே, பல்லைக் கடித்துக்கொள்" என்கிறார். கடிக்கிற பல் என்னுடையது.

வைகைக்கரை (மதுரை)

பேச வேண்டியவர் நீங்கள் இல்லை, உங்கள் கணவர். தங்கையிடம் அண்ணன் சொன்னால் அது ஒரு வாரக் கோபம். அண்ணி சொன்னால் ஆயுளுக்கும் பகை. இதில் மட்டும் நீங்கள் வாயைத் திறக்காதீர்கள்.

எங்கள் வீட்டிலும் கொழுந்தனார் ஒரு பொமரேனியனைத் தூக்கிக்கொண்டு வருவார். எடை என்னவோ நாலு கிலோ, அதிகாரம் நாற்பது கிலோ. அவர் அண்ணன் ஒரே ஒரு தடவை, "மாடியறை உனக்கும் அதற்கும், கீழே வந்தால் கயிறு" என்று சொன்னார். இரண்டு பண்டிகைக்கு முகம் கொடுக்கவில்லை, மூன்றாவது பண்டிகைக்குக் கயிற்றோடு வந்தார்.

இங்கே யாராவது தருமபுத்திரர் கதையை எடுத்துக்கொண்டு வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். அவர் நாயை அழைத்துக்கொண்டு போனது சொர்க்கத்துக்கு. பண்டிகை நாளில் அண்ணன் வீட்டுப் படுக்கையறைக்கு இல்லை.

கடற்கரை நடை (சென்னை)

நான் அந்தப் பக்கத்து ஆள், அதனால் அடி வாங்கத் தயாராகவே எழுதுகிறேன். என்னிடமும் லேப்ரடார்தான் இருக்கிறது, ஒன்பது வயது.

உங்கள் நாத்தனார் சொல்லாமல் வந்தது தவறு, அதில் பேச்சே இல்லை. ஆனால் பட்டாசுக்குப் பயந்து வருகிறார் என்பதைச் சாக்கு என்று எண்ண வேண்டாம். மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாய்க்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். எங்கள் தெருவில் ஒரு சரவெடி வெடித்தால் என்னுடையது குளியலறைக்குள் போய் வாளிக்குப் பின்னால் உடம்பைத் திணித்துக்கொள்ளும். வாயில் நுரை, கால் நடுக்கம், சில சமயம் தன்னை அறியாமல் சிறுநீர். தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை என்று அரசு நேரம் வகுத்திருக்கிறது, 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்ன இரண்டு மணி நேரக் கணக்கு. அந்தக் கணக்கு எந்தத் தெருவில் நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகப் பட்டாசே வெடிப்பதில்லை. அங்கே ஒரு வாடகை வீடு கிடைத்தால் வருடா வருடம் ஐப்பசியில் குடிபோய்விடுவேன்.

காப்பகத்தில் விட்டுவிட்டு வரலாமே என்பார்கள். தீபாவளிக்கு நல்ல காப்பகமெல்லாம் முன்கூட்டியே நிரம்பிவிடும், மிச்சம் இருப்பது கூண்டு. ரயிலில் கொண்டுபோகலாம் என்றால் ஏசி முதல் வகுப்பில் ஒரு கூபே முழுவதையும் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் இருக்கிற நாய்க்கூண்டு. அதனால்தான் எங்களைப்போன்றவர்கள் காரும் நாயுமாக உறவினர் வாசலில் வந்து நிற்கிறோம்.

வீட்டுக்குள்ளேயே வளர்ந்த நாயைத் திடீரென்று மாட்டுக்கொட்டகையில் கட்டினால் இரவு முழுவதும் ஊளையிடும். உங்கள் மாமனார் உறக்கம் போய்விடும். "வெளியே கட்டு" என்பதை மட்டும் வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்காதீர்கள்.

அதே சமயம், விருந்தாளி வீட்டில் என் நாய்க்கான வேலையை இன்னொருவர் செய்ய விட்டதில்லை. அதன் விரிப்பு, தண்ணீர்ச் சட்டி, தீனி, துணியில் ஒட்டும் முடியை எடுக்கிற பசை உருளை, ஒரு மாப் கட்டை உட்பட எல்லாம் என் காரிலேயே வரும். தரையைக் காலையும் மாலையும் நான் துடைப்பேன். என் மாமியார் அதைப் பார்த்துப் பதறிப்போய், "மாப்பிள்ளை கையில் துடைப்பமா!" என்று பிடுங்க வந்தார். கொடுக்கவில்லை. உங்கள் நாத்தனாரின் கணவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று நீங்கள் எழுதவே இல்லையே?

தோப்புக்காரி

அவர் நாயைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

உடுமலையான்

கால்நடைப் பராமரிப்புத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். குடும்பச் சண்டைக்கு நான் வரவில்லை. ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தபோது வேறு கவலை வந்தது. தென்னந்தோப்பு என்கிறீர்கள். தென்னையைத் துளைக்கிற காண்டாமிருக வண்டைப் பிடிக்க ஆமணக்குப் பிண்ணாக்கைத் தண்ணீரில் ஊற வைத்துப் பானையில் புதைத்து வைத்திருக்கிறீர்களா? வைத்திருந்தால் அதுதான் முதல் காரியம். ஆமணக்குப் பிண்ணாக்கில் இருப்பது ரிசின் என்கிற நஞ்சு. வாடைக்கு நாய்கள் தேடிப்போய்த் தின்னும், அதிலும் லேப்ரடார் என்பது கண்ணில் பட்டதையெல்லாம் விழுங்குகிற இனம். வாந்தி, இரத்தக் கழிச்சல் என்று தொடங்கினால் காப்பாற்றுவது பெரும்பாடு, மாற்று மருந்து கிடையாது. மணிக்கு அந்த வாடை பழகிப்போயிருக்கலாம், ஊரிலிருந்து வருகிற நாய்க்கு அது புது விருந்து. பம்ப் அறையில், கொட்டகைப் பரணில் எலி மருந்து வில்லை கிடக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டையும் அவர்கள் வருவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

பண்டிகைப் பலகாரத்தில் லட்டு வேண்டவே வேண்டாம். அதில் இருக்கிற உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், எவ்வளவு தின்றால் கெடும் என்பது நாய்க்கு நாய் மாறும். வெங்காயம் வதக்கிய குழம்பு, சாக்லேட் இரண்டும் ஆகாது. வெந்த கோழி எலும்பு சில்லு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும், நீங்கள் எலும்பைப் பிரித்துக் கொடுத்தது நல்ல வேலை. வீட்டுக்கு வருகிற பெரியவர்கள் பாசத்தில் ஆளுக்கு ஒரு கவளம் ஊட்டுவார்கள், அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அந்தக் கோழி விஷயம் எனக்கு ஆச்சரியமாக இல்லை. சுடப்பட்டு நீரில் விழுகிற பறவையைப் பல் படாமல் எடுத்து வந்து எசமானர் காலடியில் வைப்பதற்கென்றே உருவாக்கிய இனம் அது. உங்கள் மாமியாரை எசமானி என்று அது சரியாகவே கண்டுபிடித்திருக்கிறது.

மணிக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டு வருடம் ஆகிவிட்டதா? வருடந்தோறும் போட வேண்டும். ஜூலை 6 அன்று பல கால்நடை மருத்துவமனைகளில் இலவசமாகப் போடுவார்கள், தவறவிட்டிருந்தால் இப்போதே போட்டுவிடுங்கள். ப்ரூனோவின் தடுப்பூசிப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள். எலிக்காய்ச்சல் தடுப்பும் அதில் இருக்க வேண்டும், தோப்பு வாய்க்காலில் எலி மூத்திரம் கலக்காமல் இருக்காது. உண்ணி மருந்து இரண்டுக்கும் போட வேண்டும். உண்ணிக்காய்ச்சல் வந்து தீனி எடுக்காமல் கிடக்கிற நாயைத் தூக்கிக்கொண்டு பெங்களூர் போவது எல்லோருக்கும் வேதனை.

இரண்டு நாயையும் வீட்டு வாசலில் வைத்து முதன்முதலாகச் சந்திக்க விடாதீர்கள். அது மணியின் எல்லை, அங்கே அது விட்டுக்கொடுக்காது. வேலிக்கு வெளியே தார்ச்சாலையில் இரண்டையும் கயிற்றில் பிடித்து, முகத்துக்கு முகம் நிறுத்தாமல், சற்றுத் தள்ளித் தள்ளி ஒரே திசையில் நடத்திக்கொண்டு போங்கள். ஒரு மைல் போய் வந்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். தீனி எப்போதும் தனித்தனியாக. அப்படியும் மணி முறைத்தால், மாலை விளக்கு வைத்ததும் ப்ரூனோ கதவுக்குள், மணி தோப்புக்குள். மணி இரவில் கட்டிக் கிடக்கக் கூடாது. அது வேலை செய்கிற நாய்.

நூல்கண்டு (திருப்பூர்)

மாமனாருக்கு மூச்சுத் திணறல் ஏதாவது உண்டா? என் மகனுக்கு வீசிங் இருக்கிறது. சித்தப்பா வீட்டு நாய் இரண்டு இரவு தங்கிப் போனதில் அவனுக்கு நெபுலைசர் வைக்க வேண்டியதாயிற்று. "முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வருகிறோம்" என்றார்கள். முடி மட்டும் காரணம் இல்லை, எச்சிலிலும் தோலிலிருந்து உதிர்கிற பொடியிலும்தான் ஒவ்வாமைப் பொருள் இருக்கிறது என்று மருத்துவர் விளக்கினார். நாய் போன பிறகும் மெத்தை, திரைச்சீலையில் அது மாதக்கணக்கில் தங்குமாம். அந்த இலவம்பஞ்சு மெத்தையை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மற்றதைப் பேசித் தீர்க்கலாம், மெத்தையைத் துவைக்க முடியாது.

நேர்வழி

நாயைப் பிள்ளை என்பதும், பிள்ளையை விடுதியில் போடுவதும் இப்போது நாகரிகமாகிவிட்டது. அந்தக் காலத்தில் நாய் என்றால் தெருவில் இருக்கும், சோறு வைத்தால் தின்னும். ஏசி கேட்டதா?

கடற்கரை நடை

அந்தக் காலத்தில் நமக்கும் ஏசி கிடையாது ஐயா.

பெரியபட்டணத்து உம்மா (கீழக்கரை)

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவுமா தெரியவில்லை. நாங்கள் ஷாஃபி மத்ஹபை, அதாவது இஸ்லாமியச் சட்ட வழிகளில் ஒன்றை, பின்பற்றுகிறவர்கள். நாயின் எச்சில் பட்ட பாத்திரத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். தொழுகிற வீட்டுக்குள் நாய் என்பது எங்களுக்கு நடக்காத காரியம். வீட்டுக்காரரோடு சவூதியில் ஒன்றாக வேலை பார்த்த நண்பர் ஒருவர், கூடப் பிறந்தவரைப்போல. என் பிள்ளைகளுக்கு அவர் மாமா. குடும்பத்தோடு ராமேசுவரம் போகிற வழியில் எங்களிடம் இரண்டு நாள் தங்க வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. அவர் மகளிடம் ஒரு நாய்க்குட்டி.

கிளம்புவதற்கு முன்பே போன் செய்து, "தங்கச்சி, உங்கள் வீட்டு முறை எனக்குத் தெரியும், குட்டியை என்ன செய்யலாம், நீயே சொல்" என்றார். கடைத்தெருவில் எங்களுக்கு ஒரு பழைய கிடங்கு இருக்கிறது. அதைக் கழுவி, மின்விசிறி மாட்டி, குட்டிக்கும் அதைப் பார்த்துக்கொள்ள வந்த பையனுக்கும் ஒதுக்கினோம். மகள் பொழுதுக்கும் அங்கே ஓடினாள், என் பேரப்பிள்ளைகளும் கூடவே ஓடினார்கள். நான் கோழி அவித்துத் தூக்குச் சட்டியில் கொடுத்தனுப்பினேன், யாரும் சொல்லாமலே. அடுக்களைக்குள் வந்து "இதற்கும் சேர்த்துச் சமை" என்று சொல்லியிருந்தால் அந்தச் சட்டி எடுத்திருப்பேனா என்பது சந்தேகம்தான்.

உங்கள் தோப்பில் அப்படி ஒரு தனிக் கட்டடம் இல்லையா?

தோப்புக்காரி

எல்லோருக்கும் நன்றி. நடந்ததை எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

இந்தப் பதில்களைக் கணவரிடம் படிக்கக் கொடுத்தேன். என் மெத்தை, என் முதுகுவலி, என் முறுக்கு மாவு எல்லாவற்றையும் முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் விரலால் தள்ளிக்கொண்டே வந்தார். உடுமலை ஐயா எழுதிய ஆமணக்குப் பிண்ணாக்கு வந்ததும் எழுந்து உட்கார்ந்தார். போன மாதம்தான் பானைகளை மாற்றிப் பிண்ணாக்கு ஊற்றியிருந்தார். போன பொங்கலுக்கும் பானைகள் அங்கேயேதான் இருந்தன. டார்ச்சை எடுத்துக்கொண்டு தோப்புக்குள் போனவர் அரை மணி நேரம் கழித்து வந்தார். வந்ததும் வராததுமாகத் தங்கைக்குப் போன் போட்டார். மனைவிக்காக அசையாத நாக்கு வண்டுப் பானைக்காக அசைந்தது. எனக்கு எதற்காக அசைந்தால் என்ன.

நாத்தனாரிடம் இதுவரை யார் என்ன சொன்னாலும், "அட, அவன் குழந்தை மாதிரி" என்றுதான் பதில் வரும். ப்ரூனோ உயிருக்கு ஆபத்து என்றதும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. தோப்புப் பக்கம் விடக் கூடாது, கயிறு இல்லாமல் நடமாடக் கூடாது, கண்டவர் கையில் தின்னக் கூடாது, தடுப்பூசிப் புத்தகம் வேண்டும் என்று இவர் சொல்லச் சொல்ல அவள் எழுதியே வைத்துக்கொண்டாள். அந்தச் சூட்டோடு நான் போனை வாங்கி, "கண்ணு, அப்பாவை நினைத்துத்தான் கேட்கிறேன், இந்தத் தடவை அவன் கூடத்துக்குள் வேண்டாமே" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்படியென்றால் நாங்கள் எங்கே படுப்பது அண்ணி?" என்றாள். கோபமா, உண்மையான கேள்வியா என்று பிடிபடவில்லை. கேள்வி என்றே எடுத்துக்கொண்டேன்.

கீழக்கரை அம்மா கேட்ட தனிக் கட்டடம் இருக்கிறது. தோட்டத்துச் சாளை, உரமூட்டை அடுக்கி வைத்திருக்கிறோம். நன்றாகக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தால் தாராளமான இடம். அண்ணா, அதாவது நாத்தனார் கணவர், "அதற்கென்ன, நான் ப்ரூனோவோடு அங்கே படுத்துக்கொள்கிறேன், தோப்புக் காற்று நன்றாக இருக்கும்" என்று சந்தோஷமாகவே ஒப்புக்கொண்டார். முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன்.

முடியவில்லை. மாமியாருக்குத் தகவல் போயிற்று. மாப்பிள்ளையைச் சாளையில் படுக்க வைத்தால் ஊர் காறித் துப்பும், சம்பந்தி வீட்டில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பேன் என்று ஒரு வேளை சாப்பிடவில்லை. "நாய்தானே, நடு வீட்டில் படுத்தால் என்ன, வீடு தேய்ந்துவிடுமா?" என்று கேட்டார். அடுக்களையில் என் காதோரம் கண்றாவி என்று சொன்ன அதே வாய். நான் பதில் பேசவில்லை. கணவர்தான், ஆச்சரியமாக, "அம்மா, அப்பா விழுந்து இடுப்பு உடைந்தால் மாப்பிள்ளையா வந்து தூக்கிப் பிடிப்பார்?" என்று கேட்டுவிட்டார். வைகைக்கரை அவர்களே, உங்கள் வாக்குக்கு மரியாதை கிடைத்துவிட்டது.

கடைசியில் நிற்பது இதுதான். கிழக்குப் பக்கம் கம்பி அடித்த தாழ்வாரம் இருக்கிறது, தேங்காய் உலர்த்துகிற இடம். அது ப்ரூனோவுக்கு. அதை ஒட்டிய அறை நாத்தனார் குடும்பத்துக்கு. இடையில் ஜன்னல் இருப்பதால் இரவில் அதற்கு இவர்கள் முகம் தெரியும், இவர்களுக்கு அதன் முகம் தெரியும். அந்த அறையில் ஏசி கிடையாது. டேபிள் பேன் ஒன்று தாழ்வாரத்தில் வைக்கிறேன், ஐப்பசி மழைக்கு அதுவே அதிகம். என் அறை எனக்கு. கடற்கரை நடை சொன்ன பசை உருளையும் மாப் கட்டையும் பெங்களூரிலிருந்தே வருகிறது, அண்ணாவிடம் நானே கேட்டேன். நாய்க்குச் சமைப்பதும் அவர்தான், புறக்கடை அடுப்பில். நாங்கள் வழிக்கு வந்தது பெரிய காரியம் இல்லை, மாப்பிள்ளை குத்துக்காலிட்டு உட்கார்ந்து அடுப்பு ஊதுவதை மாமியார் பார்க்கும்போது என்ன நடக்கும் என்பதுதான் இப்போதைய கவலை. அவருக்கு இன்னும் சொல்லவில்லை.

மணிக்கு நேற்று ஊசி போட்டாயிற்று. உடுமலை ஐயா, ஒரு சந்தேகம். இப்போதும் ஒரு கோழி அடைக்கு உட்காரப் பார்க்கிறது. வைக்கலாமா, தள்ளிப்போடலாமா?

உடுமலையான்

வையுங்கள். குஞ்சு பொரிக்க 21 நாள், நடுவில் அவர்கள் வந்து போய்விடுவார்கள். கூடையைத் தரையில் வைக்காமல் சாளைக்குள் மேடையில் வைத்துக் கதவைச் சாத்திவிடுங்கள். கோழி தீனிக்கு இறங்குகிற நேரத்தில் மட்டும் ப்ரூனோ கயிற்றில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். பிண்ணாக்குப் பானையை எடுத்தாரே, அந்தக் கரைசலை எங்கே கொட்டினார் என்று கேளுங்கள். வாய்க்கால் ஓரத்தில் கொட்டியிருந்தால் மேலே மண் வெட்டிப் போடச் சொல்லுங்கள்.

தோப்புக்காரி

வாய்க்கால் ஓரத்தில்தான் கொட்டியிருக்கிறார். மண்வெட்டியோடு அனுப்பிவிட்டேன்.